அப்பாவோடு எல்க் வேட்டை: வாசகர் கேள்வி–பதில்

கொலராடோ பக்கத்து வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: வயதான அப்பாவை எல்க் வேட்டைக்கு அழைத்துப் போவது எப்படி? எல்க் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி. நம் மலைக் கடமானுக்கு உறவுக்காரன், ஆனால் அதைவிடப் பெரிது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தொடும், பெண் 220 கிலோ வரும். அமெரிக்காவில் எல்க் அதிகம் இருக்கும் மாநிலம் கொலராடோதான். வேட்டை அங்கே லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை என்று கணக்கோடு நடக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 73 வயது. இங்கே குடியேறி நாற்பது வருடம் ஆகிறது. மூன்று வருடமாக இருவரும் ரைஃபிள் சீசனில் மலைக்குப் போய் வெறுங்கையோடு வருகிறோம். அவருக்கு இடது முழங்கால் தேய்மானம். 10,000 அடி உயரத்தில் என் நடைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த வருடமாவது அவர் கையால் ஒரு எல்க் விழ வேண்டும். என்ன செய்யலாம்? (டென்வர் வாசகர்)

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கொலராடோவில் எல்க் லைசென்ஸ் வாங்குகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே அது நல்ல வருடம். மூன்று வருடம் வெறுங்கை என்பது அப்பாவின் வயதால் வந்ததல்ல, இருபத்தைந்து வயதுக்காரர்களும் அப்படித்தான் திரும்புகிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் உறுத்துகிறது. 'என் நடைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை' என்கிறீர்கள். அவர் ஏன் உங்கள் நடைக்கு ஈடுகொடுக்க வேண்டும்? எல்க்கைத் தேடி நடப்பது உங்கள் வேலை. எல்க் வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்திருப்பது அவர் வேலை. இந்தப் பங்கீட்டை ஒத்துக்கொண்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்தது.

லைசென்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். கொம்பு ஆசையை விட்டுவிட்டு, கொம்பில்லாத எல்க்குக்கு விண்ணப்பியுங்கள். கொலராடோவில் பெரும்பாலான பகுதிகளில் ஆண் எல்க்கைச் சுட வேண்டுமானால் ஒரு பக்கக் கொம்பில் 4 கிளையாவது இருக்க வேண்டும், அல்லது புருவக் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். அந்தி வெளிச்சத்தில், புதருக்குப் பின்னால் நிற்கும் தலையில் கிளை எண்ணுவது இளங்கண்ணுக்கே கடினம். அப்பா எண்ணி முடிப்பதற்குள் அது காட்டுக்குள் போய்விடும். பெண் எல்க் கூட்டமாக வரும், ஒன்று தவறினால் இன்னொன்று நிற்கும். ஆனால் ஈட்டிபோல ஒற்றைக் கொம்பு முளைத்த இளம் ஆண் அந்தக் கூட்டத்திலேயே நிற்கும், காதுக்கு மேலே ஒருமுறை பார்த்துவிட்டே விசையில் விரல் வைக்கச் சொல்லுங்கள். லைசென்ஸுக்கான குலுக்கல் விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடும். இருவரும் குழுவாகப் போட்டால் யாரிடம் முன்னுரிமைப் புள்ளி (குலுக்கலில் லைசென்ஸ் விழாத வருடத்துக்குச் சேரும் புள்ளி) குறைவோ அவருடைய புள்ளியையே குழுவுக்குக் கணக்கிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடம். எல்க் இரவெல்லாம் புல்வெளியில் மேயும். விடிவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே வடக்குப் பார்த்த சரிவில் இருக்கும் அடர்காட்டுக்கு ஏறத் தொடங்கும், பகல் முழுக்க அங்கே படுத்திருக்கும். சாயங்காலம் அதே வழியில் இறங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் நீங்கள் தனியாகப் போய் இந்த வழித்தடத்தைப் பிடியுங்கள். ஈரப் புழுக்கை, கொம்பு தேய்த்த ஆஸ்பென் மரம், சேறு கலங்கிய குழி ஆகிய மூன்றும் அரை கிலோமீட்டருக்குள் இருந்தால் அது வெறும் தடமல்ல, அன்றாடம் புழங்கும் பாதை.

அந்தப் பாதையில், வண்டி நிற்கும் இடத்திலிருந்து 400 மீட்டருக்குள், ஏற்றம் 50 மீட்டருக்கு மேல் போகாத ஓர் உட்காருமிடத்தைத் தேடுங்கள். சாலைக்கு அவ்வளவு அருகில் எல்க் வருமா என்று கேட்பீர்கள். மலைமுதுகில் இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்வான கணவாய் இருந்தால் வரும். சீசன் தொடங்கும் நாளில் விடியற்காலையிலேயே நூறு பேர் எல்லாப் பாதைகளிலும் உள்ளே நடப்பார்கள். எழுப்பப்பட்ட எல்க் மேட்டின் மேல் ஏறாது, தாழ்வான கணவாய் வழியாகத்தான் அடுத்த பள்ளத்தாக்குக்கு நழுவும். ஊரார் கால்கள் உங்களுக்காக வேலை செய்யும். இளவட்டங்கள் ஒன்பது மணிக்குக் குளிர் தாங்காமல், பசி தாங்காமல் எழுந்து கேம்புக்குத் திரும்பும்போதும் எல்க் நகர்கிறது. பதினொரு மணிவரை அசையாமல் உட்காரத் தெரிந்தவருக்கு அது லாபம். பொறுமையில் 73 வயது 25 வயதை வென்றுவிடும்.

சாலை விஷயத்தில் சட்டத்தை மறக்காதீர்கள். பொதுச்சாலையின் நடுக்கோட்டிலிருந்து 50 அடியாவது தள்ளித்தான் சுடலாம், சாலைக்குக் குறுக்கே சுடவே கூடாது. வண்டிக்குள் ரைஃபிளின் அறையில் தோட்டா இருக்கக் கூடாது. நடக்கவே இயலாத உடல்குறை உள்ளவர்களுக்கு நின்றிருக்கும் வண்டியிலிருந்து சுட மாநில வனவிலங்குத் துறை தனி அனுமதி தருகிறது. மருத்துவர் சான்று வேண்டும், சீசனுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முழங்கால் தேய்மானம் அந்த அளவுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உட்காருமிடத்தில் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் தோளைவிட அகலமான மரம் இருக்கட்டும். முன்னால் 150 முதல் 200 கஜம் வரை திறந்த வெளி போதும், அதற்கு மேல் பார்வை போனால் ஆசையும் கூடவே போகும். நாற்காலிதான் பலர் தவறும் இடம். கடையில் விற்கும் வேட்டை நாற்காலிகள் பல தரையோடு ஒட்டியவை, தேய்ந்த முழங்கால்காரர் உட்கார்ந்தால் எழ முடியாது. வீட்டில் அவர் கையூன்றாமல் எழும் நாற்காலியின் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் (பெரும்பாலும் 40 செ.மீ.க்கு மேல்) முதுகுச் சாய்வுள்ள மடக்கு நாற்காலி வாங்குங்கள். காலுக்கடியில் ஒரு நுரைப்பாய்த் துண்டு போடுங்கள். குளிர் பாதத்தின் வழியாகத்தான் ஏறும். பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும், கம்பளிச் சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும்.

நடக்கும்போது வியர்க்கக் கூடாது. தடித்த ஜாக்கெட்டைப் பையில் நீங்கள் தூக்குங்கள். அவர் ஒற்றைச் சட்டையோடு, இரண்டு கைத்தடி ஊன்றி, முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் நடக்கட்டும். உங்களுக்குப் பத்து நிமிட வழி அவருக்கு இருபத்தைந்து நிமிடம். இருட்டில் இன்னும் கூடும். போய்ச் சேர்ந்து, மூச்சு தணிந்து, ஜாக்கெட் போட்டு உட்கார்ந்த பிறகு அரை மணி நேரம் அமைதி வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம் என்பதால், உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வண்டியை விட்டுக் கிளம்புங்கள்.

காற்றைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. எல்க் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஏமாற்றலாம், மூக்கை முடியாது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும். வெயில் பட்ட ஒரு மணி நேரத்தில் திசை மாறி மேலே ஏறும், சாயங்காலம் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். ஆகவே காலை இடமும் மாலை இடமும் ஒன்றாக இருக்க முடியாது. காலையில் பாதைக்குக் கீழ்ப்பக்கம் உட்கார்ந்தால் வாடை எல்க்குக்கு எட்டாது, ஒன்பது மணிக்கு மேல் அதே இடம் கெட்டுவிடும். அப்போது பாதைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் மேலே தள்ளி உட்காருங்கள். சின்னப் பீச்சுக் குப்பியில் வாசனையில்லாத பவுடர் வைத்து அடிக்கடி ஊதிப் பாருங்கள். விபூதியும் ஆகும், வாசனை சேர்த்ததாக இல்லாவிட்டால்.

முதல் இரண்டு நாள் அப்பாவின் பக்கத்திலேயே உட்காருங்கள். உட்கார்ந்ததும் தூரமானியால் நான்கைந்து அடையாளங்களை அளந்து, பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி அவர் முன்னே செருகுங்கள்: 'பட்ட மரம் 110, வெள்ளைப் பாறை 160, ஓடை வளைவு 190'. எல்க் வந்த பிறகு தூரம் அளந்துகொண்டிருந்தால் நேரம் போய்விடும். வயதானவருக்குக் கிசுகிசுப்பு கேட்காது, இரண்டாம் முறை உரக்கச் சொன்னால் எல்க்குக்குக் கேட்டுவிடும். தோளில் தட்டும் குறியைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு தட்டு என்றால் 'வந்திருக்கிறது', இரண்டு தட்டு என்றால் 'சுடலாம்', அழுத்திப் பிடித்தால் 'பொறுங்கள், பின்னால் இன்னொன்று நிற்கிறது'. அந்த மூன்றாவது குறி கட்டாயம். தோட்டா ஒன்றைத் துளைத்துக்கொண்டு அடுத்ததிலும் பாயும், லைசென்ஸோ ஒன்றுக்குத்தான்.

மூன்றாம் நாளும் ஒன்றும் வரவில்லையென்றால் நீங்கள் கிளம்புங்கள். காட்டின் மறுபக்கத்திலிருந்து, உங்கள் வாடை எல்க்கை நோக்கிப் போகும்படி, நடுப்பகலில் மெல்ல நடந்து வாருங்கள். விரட்ட வேண்டாம், ஓடும் எல்க் நிற்காது. சந்தேகப்பட்டு எழுந்த எல்க் நடந்துதான் வெளியேறும், கணவாயில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கும். அதற்கு முன்பு இருவரும் சேர்ந்து வரைபடத்தில் கோடு போட்டு, அப்பா எந்தப் பாறையிலிருந்து எந்த மரம்வரை மட்டுமே சுடலாம், நீங்கள் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் வெளிவருவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். 500 சதுர அங்குல ஆரஞ்சு (இளஞ்சிவப்பும் ஆகும்) உடையும் தலையில் அதே நிறத் தொப்பியும் ரைஃபிள் சீசனில் சட்டப்படி கட்டாயம். மொன்டானாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே போனிலோ ரேடியோவிலோ எல்க் இருக்குமிடத்தைச் சொல்லித் தந்து வேட்டையாடுவது குற்றம்.

கேள்வி: அப்பாவிடம் .300 மேக்னம் ரைஃபிள் இருக்கிறது. முன்பு நன்றாகச் சுடுவார். இப்போது 100 கஜத்திலேயே குறி சிதறுகிறது. கண்ணா, கையா? (கொலராடோ ஸ்பிரிங்ஸ் வாசகி)

பதில்: தோளாக இருக்கலாம். சோதிப்பது சுலபம். பத்து தோட்டாவுக்கு நடுவே மூன்று போலித் தோட்டாவை (மருந்தே இல்லாதது) அவருக்குத் தெரியாமல் நீங்கள் கலந்து நிரப்புங்கள். போலித் தோட்டாவில் விசை 'க்ளிக்' என்னும் நொடியில் குழல் கீழே தலையாட்டினால், உதைக்குப் பயந்து முன்கூட்டியே தோள் தள்ளுகிறது என்று அர்த்தம். கண்மருத்துவரிடம் போய் இது சரியாகாது.

.300 மேக்னத்தை அலமாரியில் வையுங்கள். 7 மி.மீ.-08 ரைஃபிளின் உதை அதில் பாதிதான். 140 கிரெய்ன் எடையில், சதைக்குள் உடைந்து சிதறாத பிணைப்புத் தோட்டாவோ முழுச் செப்புத் தோட்டாவோ போட்டால் 200 கஜத்துக்குள் எல்க்குக்குத் தாராளம். .308, 6.5 கிரீட்மூர் வைத்திருந்தாலும் சரி. கொலராடோவில் எல்க்குக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச விட்டம் .24 அங்குலம், தோட்டா 85 கிரெய்ன். இவை எல்லாம் அதற்கு மேலே. குழல்முனையில் பிரேக் போட்டு உதையைக் குறைக்கலாம் என்பார்கள். குறையும், ஆனால் சத்தம் பக்கத்தில் இருப்பவரின் காதைக் கெடுக்கும், ஏற்கெனவே காது மந்தமானவருக்கு அது வேண்டாம்.

கண்ணைப் பார்ப்போம். படிக்கவும் தூரம் பார்க்கவும் ஒரே கண்ணாடி போடுகிறவர் ரைஃபிளில் கன்னம் பதிக்கும்போது, பார்வை கண்ணாடியின் எந்தப் பகுதி வழியாகப் போகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி செய்துகொள்ளட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஸ்கோப்பை (ரைஃபிளின் மேல் இருக்கும் குறிநோக்கி) வெறும் வானத்துக்குத் திருப்பி, குறுக்குக்கோடு கருகருவென்று தெரியும்வரை கண்பக்க வளையத்தைத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நொடிக்கு மேல் பார்க்க வேண்டாம், கண் தானாகச் சரிசெய்துகொண்டு ஏமாற்றும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், எழுபது வயதில் 5 மி.மீ. ஆவதே பெரிது. 40 மி.மீ. ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.4 மி.மீ.தான், அந்தக் கண்ணுக்கும் அது போதாது. 5 மடங்குக்கு இறக்கினால் 8 மி.மீ. கிடைக்கும், கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் முழுவதும் வந்துவிடும், அசையும் எல்க்கைக் கண்டுபிடிப்பதும் சுலபம். காலையிலும் மாலையிலும் 4 அல்லது 5 மடங்கிலேயே வைத்துவிட்டு வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

ஜாக்கெட் போடாமல் கோடையில் பழகிவிட்டு அக்டோபரில் தடித்த ஜாக்கெட்டோடு சுட்டால் தோளில் பதிக்கும் ரைஃபிள் கட்டை நீளமாகிப்போகும். தோளில் சரியாக அமராது, ஸ்கோப்பில் கறுப்பு வளையம் தெரியும், அவர் கழுத்தை நீட்டுவார், ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும். ஆகவே ஆகஸ்ட் வெயிலிலும் அந்த ஜாக்கெட்டையே போட்டுப் பழகுங்கள். அப்பா திட்டுவார், பரவாயில்லை. கட்டையின் பின்மெத்தையை அரை அங்குலம் குறைத்தாலும் நல்லது.

பயிற்சி மேசையில் வேண்டாம். எந்த நாற்காலியில் உட்காரப் போகிறாரோ அதே நாற்காலி, அதே மூன்றுகால் தாங்கி. ரைஃபிளை 200 கஜத்துக்குப் பூஜ்யம் செய்தால் (குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பை அமைத்தால்) 100 கஜத்தில் 2 அங்குலத்துக்குள் மேலே படும், 250-இல் 3, 4 அங்குலம் கீழே. 8 அங்குலக் காகிதத் தட்டுதான் இலக்கு. ரைஃபிளை எடுத்த 20 நொடிக்குள் சுட்டு, ஐந்துக்கு ஐந்து தட்டில் பட வேண்டும். 100 கஜத்தில் பட்டால் 150, அதிலும் பட்டால் 200. எங்கே நான்காகக் குறைகிறதோ அதற்கு முந்தைய தூரமே அவர் எல்லை. 150 கஜம்தான் என்றால் 150 கஜத்தில் எல்க் வரும் இடத்தைத் தேடுவது பிள்ளைகள் பொறுப்பு. ஒரு நாளைக்கு 15 தோட்டாவுக்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் வெறும் ரைஃபிளோடு வீட்டுக் கூடத்தில் விசை பழகட்டும். ரைஃபிளின் தோட்டா அறையைத் திறந்து, காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகு.

எல்க் பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் பின்விளிம்பைப் பிடித்து மேலே போய், நெஞ்சின் கீழ்க்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. நல்ல இடத்தில் பட்டாலும் எல்க் பல நேரம் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும். வயதானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 'தப்பிவிட்டது' என்று தலையைத் தூக்கி உங்களைப் பார்ப்பார்கள். நின்றுகொண்டிருக்கும்வரை அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். காட்டுக்குள் போய்விட்டால், எழுவதற்கு முன் அது நின்ற இடத்தை நாற்காலியிலிருந்தே போனில் படம் எடுங்கள். அங்கே நடந்து போனால் எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரியும். அரை மணி நேரம் கழித்துத் தடம் பிடியுங்கள். ரத்தத்தோடு பச்சையாகக் குடல் நாற்றம் இருந்தால் பல மணி நேரம் காத்திருங்கள், உடனே துரத்தினால் இரண்டு மலை தாண்டிவிடும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. டாக்சாஸில் சமதளத்தில் இருக்கிறார். 9,000 அடியில் கேம்ப். ஆபத்தா? (ஆஸ்டின் வாசகர்)

பதில்: டெக்சாஸைத்தான் 'டாக்சாஸ்' என்று எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது, வரி கட்டிய களைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த உயரத்தில் கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் முக்கால் பங்குக்கும் குறைவாகவே கிடைக்கும். விமானத்தில் இறங்கிய அன்றே கேம்புக்கு ஏறாதீர்கள். டென்வர் 5,280 அடி. அங்கே இரண்டு இரவு, பிறகு 7,500 அடி அளவில் ஒரு சிற்றூரில் ஓர் இரவு, அதன்பின் கேம்ப். வேட்டைக்கு மூன்று மாதம் முன்பே இதய மருத்துவரிடம் போய், 'குளிரில், உயரத்தில், சரிவில் நடக்கப் போகிறேன்' என்று இதே சொற்களில் சொல்லி, தேவையான சோதனைகளைச் செய்துகொள்ளட்டும். 'ஊருக்குப் போகிறேன்' என்று சொன்னால் அவர் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். உயர நோய்க்கு முன்கூட்டியே தரும் அசெட்டசோலமைடு வேண்டுமா என்பதும் அவர் முடிவு. நீர் பிரியும் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அன்று வேட்டை இல்லை, மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவர்போல நடை தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே கீழே இறக்குங்கள். மலைநோய்க்கு அதுதான் முதல் மருந்து. நெஞ்சில் அழுத்தம் என்றால் அதை உயரத்தின் மேல் போடாதீர்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள். சிக்னல் இருக்காது, செயற்கைக்கோள் வழியாக அழைக்கும் கருவி ஒன்று அப்பாவின் சட்டைப்பையில் இருக்க வேண்டும், உங்கள் பையில் அல்ல.

இன்சுலின் உறைந்தால் கெட்டது, திரும்ப இளகினாலும் பயனில்லை. பேனாவை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைக்கட்டும், இரவில் தூக்கப்பைக்குள். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தவறாகக் காட்டும், அதையும் உள்ளேயே வையுங்கள். நடப்பதால் சர்க்கரை இறங்கும். கைநடுக்கமும் குழப்பமும் குளிரால் என்று நினைத்துவிடாமல் உடனே சோதியுங்கள். கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்க வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இரவில் இரண்டு முறை எழுந்து போகிறவருக்கு அகலவாய்ப் பாட்டில் ஒன்று கட்டில் பக்கத்தில். பனியில் வழுக்கி இடுப்பு முறிவதற்கு அது மேல்.

கேள்வி: அப்பா மதுரையிலிருந்து ஆறு மாத டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கிறார். என்னோடு மலைக்கு வரலாமா? துப்பாக்கியைத் தொடலாமா? (போல்டர் வாசகர்)

பதில்: கூட வரலாம், பார்க்கலாம், டீ குடிக்கலாம். ஆரஞ்சு உடை போட்டுவிடுங்கள். துப்பாக்கி விஷயம் வேறு. டூரிஸ்ட் விசா, எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். இதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. அந்த லைசென்ஸ் இல்லாமல் 'ஒரு நிமிஷம் பிடியுங்கள் அப்பா' என்று கொடுப்பதுகூட வம்பு. லைசென்ஸ் வேண்டுமானால், 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் கொலராடோவில் வேட்டைக்கல்வி முடித்திருக்க வேண்டும். 50 வயது தாண்டியவர்கள் வகுப்பு இல்லாமல் தேர்வு மட்டும் எழுதித் தேறலாம். வெளியூர்க்காரருக்கு ஆண் எல்க் லைசென்ஸ் 800 டாலருக்கு மேல். இவ்வளவும் செய்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பா தன் லைசென்ஸையும் என்னிடம் தந்து 'நீயே சுட்டுவிடு' என்கிறார். செய்யலாமா? (கிராண்ட் ஜங்ஷன் வாசகர்)

பதில்: கூடாது. ஒருவர் லைசென்ஸுக்கு இன்னொருவர் சுடுவது கொலராடோவில் குற்றம், அப்பா-பிள்ளை என்ற சலுகை இல்லை. அவர் சுட்டுக் காயப்பட்ட எல்க்கை முடித்துவைக்க நீங்கள் சுடுவதும் அதே கணக்கில் வரும். அவர் சொல்வதன் உள்ளர்த்தம் வேறாக இருக்கலாம்: 'உனக்குப் பாரமாக இருக்கிறேன்.' அதற்குப் பதில் பேச்சில் இல்லை. அவர் எல்லைத் தூரத்துக்குள் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எல்க் விழுந்தால் நானும் அப்பாவும் மட்டும் எப்படிக் கொண்டுவருவது? (ஃபோர்ட் காலின்ஸ் வாசகர்)

பதில்: இதைச் சுடுவதற்கு முன்பே கேட்டீர்களே, புண்ணியம். கணக்குப் போடுங்கள். பெண் எல்க்கில் எலும்போடு பின்தொடை ஒன்று 20 கிலோவுக்கு மேல், முன்சப்பை 15 கிலோ அளவு, முதுகுச் சதை, உள்முதுகுச் சதை, கழுத்துக் கறி எல்லாம் சேர்ந்து இன்னொரு சுமை. நடுத்தர வயதுப் பிள்ளைக்கு நான்கு நடை. 400 மீட்டரில் விழுந்தால் போக வர 3 கிலோமீட்டர் சொச்சம், மத்தியானத்துக்குள் முடியும். 3 கிலோமீட்டர் உள்ளே விழுந்தால் 24 கிலோமீட்டர். அப்பா ரைஃபிளையும் டார்ச்சையும் மட்டும் தூக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கத்தியைக் கையில் தராதீர்கள், காலைப் பிடித்துக்கொள்ளட்டும். அதுவே பெரிய உதவி.

முதல் வேலை லைசென்ஸோடு வந்த சீட்டில் கையெழுத்திட்டுக் கிழித்துத் தனியே எடுப்பது, வண்டியில் ஏற்றும்போது அது கறியோடு கட்டியிருக்க வேண்டும். குடலை எடுக்காமலே வேலையை முடிக்கலாம். எல்க்கை ஒரு பக்கமாகக் கிடத்தி, முதுகெலும்பை ஒட்டி வாலிலிருந்து பிடரிவரை தோலைக் கீறி, கீழ்நோக்கி உரியுங்கள். முன்சப்பைக்கு மூட்டு கிடையாது, சதையை அறுத்தாலே கையோடு வரும். பின்தொடையில் இடுப்பெலும்பை ஒட்டியே கத்தியை விட்டுக்கொண்டு போனால் பந்துக்கிண்ண மூட்டு தெரியும், நடுவே இருக்கும் தசைநாரை அறுத்ததும் கழன்றுவிடும். முதுகுச் சதையை முள்ளெலும்போடு உரசி நீளமாக எடுத்துவிட்டுப் புரட்டிப் போட்டு மறுபக்கம். உள்முதுகுச் சதையைக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டு எடுக்க வேண்டும், பலர் மறந்துவிட்டுப் போகிறார்கள். நான்கு கால்களும் இந்த இரண்டு முதுகுச் சதைகளும் காட்டில் விடாமல் கொண்டுவருவது சட்டம். பெண் என்று காட்டும் உறுப்பு ஒரு துண்டிலாவது இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும், அதை அறுத்துத் தனிப்பையில் போட்டால் செல்லாது.

கறி கெடுவது பெரும்பாலும் பின்தொடை எலும்பு மூட்டில்தான். தோல் போர்வைபோலச் சூட்டைப் பிடித்து வைக்கும், வெளியே பனி பெய்தாலும் உள்ளே புளித்துவிடும். தோலை உடனே உரித்து, துணிப்பையில் போட்டு, நிழலில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். கொலராடோவில் மான் இனத்துக்கு வரும் மூளைத் தேய்வு நோய் 1967-லேயே ஃபோர்ட் காலின்ஸ் பக்கத்தில்தான் முதலில் கவனிக்கப்பட்டது, உங்கள் ஊர்தான். தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் வையுங்கள். நோய் இருப்பதாக வந்தால் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: கேம்பில் சோறு வேகவே மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு ரொட்டி பிடிக்காது. (ஊர் குறிப்பிடாத வாசகி)

பதில்: 9,000 அடியில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி அரைவேக்காட்டிலேயே நிற்கும். 3 லிட்டர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போங்கள், வழக்கத்தைவிட ஒரு விசில் கூட. எல்க் கிடைத்துவிட்டால், சோதனை முடிவும் வந்த பிறகு, கால்கறியை மிளகு, இஞ்சி, பூண்டோடு அதே குக்கரில் முக்கால் மணி நேரம் விடுங்கள். அதில் கொழுப்பே இருக்காது, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றலாம். முதுகுச் சதையை மட்டும் குக்கர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இரும்புக் கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி எடுத்தால் போதும். அதிகம் வேகவிட்டால் செருப்புத் தோல்.